ஆபேலுக்குப் போட்ட சோறு

புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்கி, புளியமரங்களுக்கு நடுவே ஏறிப் போனால் சேங்கொல்லை. ஒரு கை மண்ணை வீசினால் ஊர் முழுக்க விழும், அவ்வளவுதான் ஊர். அங்கே ஊர்க்கவுண்டர் கோபால்சாமியின் வீடு எது என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். எந்தப் பக்கமிருந்து தொண்டை கிழியத் தீர்ப்புச் சொல்லும் சத்தம் வருகிறதோ, அந்தப் பக்கம் நடந்தால் போதும்.

தீர்ப்புச் சொல்வது அவருக்குத் தொழில் இல்லை, பழக்கம். மற்றவர்களுக்கு வெற்றிலையும் பீடியும் இருப்பதுபோல அவருக்கு இது. ஆடு அடுத்தவன் சாமைக் கொல்லையில் வாய் வைத்துவிட்டதா, பலாமரத்துக் கிளை வேலி தாண்டிச் சாய்ந்து பழம் யாருக்கு என்று தகராறா, கூப்பிடு கவுண்டரை. யாரும் கூப்பிடாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அந்த மாதிரி நாட்களில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, சீரியலில் மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமியாருக்கு அபராதம் விதிப்பார். மறுநாளும் அந்த அம்மாள் அதே கொடுமையைச் செய்யும்போது, "நேத்தே சொன்னேனே, கேட்டாளா பாரு" என்று மனைவி மங்கம்மாளிடம் நொந்துகொள்வார். மங்கம்மாள் சேனலை மாற்றிவிடுவாள்.

அவரிடம் வெள்ளிப் பூண் போட்ட தடி ஒன்று உண்டு. அவருடைய அப்பாவும் ஊர்க்கவுண்டர், அவர் வழியாக வந்தது. அந்தத் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் தீர்ப்பு முடிந்தது என்று பொருள். பிடிக்காதவன் திருப்பத்தூர் கோர்ட்டுக்குத்தான் இறங்க வேண்டும். அதற்கு பஸ் பிடிக்கும் பாட்டை நினைத்தே பாதிப் பேர் தீர்ப்பை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவர் சொன்ன தீர்ப்புகளில் எல்லாம் பெரிய தீர்ப்பு, பெற்ற மகனுக்குச் சொன்னதுதான். கோகுல்ராஜ் வாணியம்பாடியில் தோல் ஷெட்டு வேலைக்குப் போனான். போன இடத்தில், செருப்புக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த சலீமாவை விரும்பிக் கலியாணம் செய்துகொண்டான். இரண்டு பேரும் பையும் பெட்டியுமாக ஜீப்பில் மலை ஏறிக்கொண்டிருக்கும்போதே, இங்கே கோபால்சாமி கூட்டம் கூட்டி, விசாரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டார். "பெத்த புள்ளன்னு பாக்க மாட்டேன். ஊரை வுட்டுத் தள்ளி வெச்சேன்." ஒரு தட்டு. அவர்கள் வந்து இறங்கியபோது கூட்டமே கலைந்திருந்தது.

தள்ளி வைப்பது என்றால் இதுதான். பொதுக் களத்தில் கால் வைக்கக் கூடாது. கோயில் பொங்கலில் பங்கு கிடையாது. நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால், சாப்பிட்டவரும் தள்ளி. அது ஊர்க்கவுண்டரே ஆனாலும் தடியை வைத்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான். அங்கே வாணியம்பாடியில் சலீமாவின் அப்பா கலீலும் அதே வாரம் மகள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்திராத இந்த இரண்டு பேருக்கும் வாய்த்த சம்பந்திப் பொருத்தம், பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த கலியாணத்திலும் வாய்க்காது.

கோகுல்ராஜ், தாத்தா தன் பெயரில் எழுதிவைத்த துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டான். அப்பன் வீட்டு வாசலில் ஊர்க் களம், களத்து ஓரத்தில் முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மகன் வீடு. தும்மினால் கேட்கும். கோபால்சாமி தும்மலும் கேட்காதவராக இருந்தார். புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், "பெத்த மவனையே தள்ளி வெச்ச கவுண்டரு இவருதான்" என்று நாலு பேர் காட்டுவார்கள். அவர் தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடியும் போட்டுக்கொள்வார். அந்த ஒரு உதறலுக்காக மகனைக் கொடுத்த மனிதர் அவர்.

இந்தச் சட்டம் ஜீப்பில் மட்டும் செல்லாது. சின்னராஜ் ஓட்டும் ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தால்தான் மலை ஏற முடியும். சந்தை நாளில் சலீமாவின் மடியில் சேங்கொல்லைப் பிள்ளைகள் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டு வரும். ஜீப்பை விட்டு இறங்கியதும் தாய்மார்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோபால்சாமியே இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்: "ஜீப்பு சின்னராஜோடது. ஊரோடது இல்லயே."

கோகுல்ராஜுக்கும் சலீமாவுக்கும் ஒரே மகள், காஷிஃபா. மூன்றாம் வகுப்பு. பல் விழுந்து முளைத்திருக்கிறது, வாய் மட்டும் பிறந்த நாளிலிருந்தே முழுசாக இருக்கிறது. எதற்கும் ஒரு கேள்வி, எதிலும் ஒரு தீர்ப்பு. இந்த வாய் எந்த வழியில் வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், கோபால்சாமி ஒருவரைத் தவிர. அவர் அவள் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. "அந்தப் பக்கத்துப் புள்ள" என்பார். மங்கம்மாள் பலாப்பழக் காலத்தில் நாலு சுளையை வேலிக்கல் மேல் வைத்துவிட்டு வருவாள். கேட்டால் காக்காய்க்கு என்பாள். அந்தக் காக்காய் சுளையைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கழுவி, சுட்டுத் தின்பதற்கு வசதியாக அதே கல்லில் அடுக்கி வைக்கும். கோபால்சாமி அதையும் பார்க்காதவர்.

இந்த நிலைமையில்தான் இந்த வருஷம் பங்குனியில் புளி இறங்கியது. சேங்கொல்லையில் புளியை அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து உடைக்கிற வழக்கம் இல்லை. எல்லாப் புளியும் களத்துக்கு வரும். மத்தியானத்துக்கு மேல் ஊரே உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுக்கும். கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் வருஷா வருஷம் புளி முடிவதற்குள் ஊரில் இரண்டு மூன்று சண்டையாவது புதிதாக முளைக்கும். கோபால்சாமிக்கு அது அறுவடைக் காலம்.

கோபால்சாமியின் மகள் கோகிலவாணி திருப்பத்தூரில் பி.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷம். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள். அவள் ஒரு தடித்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஊரே புளி ஒடைக்குது, நீ இன்னாடி பொஸ்தகத்த மொறச்சிக்கினு கீற?" என்றார் கோபால்சாமி.

"பரீட்சைக்குப் பா. இந்த ஒரு நாவல்லருந்தே பெரிய கேள்வி வரும்."

"அப்ப களத்துக்கு வந்து வாய் வுட்டுப் படி. எங்களுக்கும் பொயுது போவும். தமிழ்ல சொல்லு."

கோகிலவாணி ஒரு கல்லை வைத்துப் புத்தகத்தைப் பிரித்து நிறுத்தி, கையில் புளியும் கண்ணில் நாவலுமாக ஆரம்பித்தாள்.

அது அமெரிக்காக் கதை. அந்த நாட்டில் பெரிய பேர் வாங்கிய கதையாம், உலகமெல்லாம் படிக்கிறார்களாம். பருத்தி விளையும் ஒரு ஊர். அதில் வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், கறுப்பர்கள் ஒரு பக்கம். கறுப்பர் வீட்டில் ஆபேல் என்று ஒரு சின்னப் பையன். பட்டாம்பூச்சி பிடிப்பது, ஆற்றில் மீன் தேடுவது, பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்பது, இதுதான் அவன் வேலை. ஒரு நாள் பருத்தி மில் முதலாளியின் குதிரை லாயத்திலிருந்து ஓடி ஆற்றில் விழுந்து செத்துப் போகிறது. லாயத்தைத் திறந்துவிட்டது முதலாளியின் சொந்த மகன். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் கூட்டம் கூடி, ஆபேல்தான் திறந்தான் என்று தீர்த்துவிட்டார்கள். குளிர்காலத்தில், பனி கொட்டுகிற சாயங்காலத்தில், அவன் குடும்பத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டினார்கள். யாரும் அவர்களுக்கு ரொட்டி கொடுக்கக் கூடாது, பேசக் கூடாது என்று கட்டளை. ஆபேல் அக்கரையில் நின்று, இக்கரையில் எரிகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதை அங்கே முடிகிறது.

இதைச் சொல்லி முடிக்க ஐந்தாறு மத்தியானம் ஆயிற்று. குதிரை செத்த அன்று புளிக்கூடையில் கொட்டையோடு நாரும் போனது. கூட்டம் கூடிய அன்று ஒருவரும் டீ குடிக்க எழவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு கூடைப் புளி இருந்தது. அங்கே சலீமா தனியாக உடைத்துக்கொண்டிருந்தாள். காஷிஃபா மட்டும் வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்புறம் இன்னா ஆச்சு அத்த?" என்று கத்திக்கொண்டே இருந்தாள். களத்துக்கு வரக் கூடாது என்பதுதான் தீர்ப்பு. குரல் வரக் கூடாது என்று சேர்த்துச் சொல்ல கோபால்சாமிக்கு அப்போது தோன்றவில்லை. சொல்லப் போனால் அவளுக்குப் பதில் சொல்வதுபோலத்தான் கோகிலவாணியும் கதை சொன்னாள்.

ஆபேல் அக்கரையில் நின்ற அன்று கோபால்சாமி சாப்பிடவில்லை.

"இத்த இப்டியே வுட முடியாது" என்றார்.

"இன்னாத்தப்பா?"

"அந்தப் புள்ள கேஸத்தான். ஒரு பச்சப் புள்ளய வெரட்டிட்டு, கதைய முடிச்சிட்டாங்களாம். யாரும் கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனச்சிக்கினாங்களா?"

"அப்பா, அது கதை. எழுதினவங்களே செத்துப் போய் எத்தினி வருசமோ ஆவுது."

"எழுதினவன் செத்தா நியாயமும் செத்துடுமாடி?"

மறுநாள் காலையில் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டார். சேங்கொல்லை வரலாற்றிலேயே கடல் தாண்டிய முதல் வழக்கு அது. ஊருக்கும் ஆசைதான். கதை கேட்டு நெஞ்சில் தங்கிப் போனதை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆபேல் பக்கம் பேச எல்லோரும் தயார். மில் முதலாளி பக்கம் பேசத்தான் ஆளில்லை. கடைசியில் சின்னராஜைப் பிடித்து நிறுத்தினார்கள். முதலாளியிடம் குதிரை இருந்தது, சின்னராஜிடம் ஜீப் இருந்தது, அந்த வர்க்கத்துக்கு ஊரில் வேறு ஆள் கிடையாது.

சின்னராஜுக்கு அந்தத் தடிமேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். நன்றாகத்தான் வாதாடினான். "ஊருன்னா ஒரு கட்டுப்பாடு வேணாமா கவுண்டரே? அந்த ஊர்க்காரங்க கூட்டம் கூட்டித்தானே தீர்த்தாங்க? கூட்டத்துல எடுத்த முடிவ நாம எப்டி தப்புன்றது?"

கோபால்சாமி எழுந்தார். "கூட்டம் கூடிட்டா மட்டும் அநியாயம் நியாயம் ஆயிடுமா? பொறப்பப் பாத்து ஒரு புள்ளய ஊரை வுட்டு வெரட்டறவன் மனுசனே இல்ல. அந்தப் புள்ள இன்னாடா பாவம் பண்ணுது? அது கேட்டுக்கினா அந்த வூட்ல பொறந்துது? மில்லுக்காரன் தப்பு. அந்த ஊரு தப்பு. ஆபேல ஊருக்குள்ள சேக்கணும்." ஒரு தட்டு.

களமே ஆரவாரம் செய்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்களில் மங்கம்மாளும் ஒருத்தி. அவள் அழுதது அமெரிக்காவுக்காக இல்லை.

கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இதே மாதிரி நம்ம ஊர்லயும்..." என்று ஆரம்பித்தாள்.

"எதே மாதிரி? அவன் நெறத்தப் பாத்து வெரட்டனான். அது அக்கிரமம். நம்மளது மொறை. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத. இதத்தான் உனக்குக் காலேஜில சொல்லித் தர்றாங்களா?"

காலேஜில் சொல்லித் தந்தது அதுகூட இல்லை. கீழே கடையில் விற்கும் கைடில், இந்த நாவலிலிருந்து அறியப்படும் நீதி என்று ஐந்து வரி இருந்தது. வகுப்பில் எல்லோரும் அதைத்தான் நெட்டுருப் போட்டிருந்தார்கள். மலையிலிருந்து வருகிற பெண் என்பதற்காக கோகிலவாணியை மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்த மேடம்தான் அந்த ஐந்து வரியையும் கண்ணீர் மல்க விளக்கினார்.

தீர்ப்பு ஆகிவிட்டது. ஆனால் முடியவில்லை. சேங்கொல்லையில் அநியாயமாகப் பழி சுமந்த ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தால், அவர் ஊர்க்கவுண்டர் வீட்டில் கவுண்டரோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட வேண்டும். தீர்ப்புச் சோறு என்று பெயர். அது நடந்தால்தான் தீர்ப்பு செல்லும். நடக்காமல் தீர்ப்பு அந்தரத்தில் நின்றால், விதைச் சாமையில் யாரும் கை வைக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர் வர முடியாவிட்டால் மாற்றாள் வரலாம். அவருக்கு நேர்ந்தது யாருக்கு நேர்ந்திருக்கிறதோ அவர்தான் மாற்றாள். கை கழுவும்வரை மாற்றாளைச் சம்பந்தப்பட்டவரின் பெயரால்தான் கூப்பிட வேண்டும். இதெல்லாம் கோபால்சாமியின் அப்பா காலத்துக்கும் முந்தைய ஏற்பாடு. இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

சித்திரை மழை வேறு எப்போது வேண்டுமானாலும் இறங்கும்போல இருந்தது. ஊருக்குத் திக்கென்றது.

"அமெரிக்காவுல இருந்து ஆபேல எப்டி கூட்டியாறது?" என்றார் ஒருவர்.

"மாத்தாள் பாரு" என்றார் கோபால்சாமி. "சின்னப் புள்ளயா இருக்கணும். ஒரு தப்பும் பண்ணாததா இருக்கணும். ஊரே சேந்து தள்ளி வெச்சதா இருக்கணும்." சொல்லிவிட்டுத் தோள் துண்டை உதறினார். "அதுக்கு நாம மலைய வுட்டு எறங்கி, கீழ்நாட்டுலதான் போய்த் தேடணும். நம்ம ஊர்ல அப்பிடி ஒரு அநியாயம் ஏது?"

களம் தலையை ஆட்டியது. நம்ம ஊரில் ஏது?

"நான் இருக்கேன் தாத்தா" என்றது வேலி.

ஒருவரும் திரும்பவில்லை. புளி உடைக்கிற கல்லெல்லாம் நின்றுபோயிற்று. காஷிஃபா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட முகத்தோடு.

"நீங்க சொன்னது மூணும் எனக்கு இருக்கு தாத்தா. நான் சின்னப் புள்ள. நான் ஒண்ணும் பண்ணல. நீங்க எல்லாம் தள்ளி வெச்சிருக்கீங்க." வாணியம்பாடித் தாய் வளர்த்த மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை ங்க போட்டுத்தான் பேசுவாள். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த சலீமா அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாகிவிட்டது.

சின்னராஜுக்குச் சிரிப்பு வந்தது. கவுண்டர் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டால் தடி கைமாறும். சாப்பிடாவிட்டால் விதைப்பு நிற்கும், அதற்கும் தடி கைமாறும். "பொருத்தமா கீது கவுண்டரே" என்றான். "புள்ளய வரச் சொல்லு."

கோபால்சாமி தடியை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் இப்படி ஓர் இக்கட்டு வந்ததில்லை. ஆனால் அவரும் அப்படி லேசில் விழுகிற ஆள் இல்லை. "வரட்டும்" என்றார். "ஆனா வர்றது அந்தப் பக்கத்துப் புள்ள இல்ல. ஆபேலு. கை கழுவற வரைக்கும் ஆபேலு. ஆபேல யாரும் நம்ம ஊர்ல தள்ளி வெக்கல. அவனோட சாப்புட்டா கட்டுப்பாடு மீறினதா ஆவாது."

சட்டப்படி இதில் ஓட்டை கிடையாது.

அன்று சாயங்காலம் ஆபேல் பச்சைப் பாவாடை கட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து கால் வைக்காத களத்தைத் தாண்டி வந்தான். "வாடா ஆபேலு", "பாவம்டா நீ, எத்தினி கஷ்டப்பட்ட" என்று பெண்கள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் ஒருத்தி ஆபேலை இடுப்பில் தூக்கிவைத்து முத்தம் கொடுத்தாள். மங்கம்மாள் பாயை விரித்தாள், வாழையிலையில் சாமைச் சோற்றைப் போட்டுக் கொள்ளுக் குழம்பை ஊற்றினாள். பேத்தி முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் குழம்பு பாயில் சிந்தியது.

"ஆபேலு, சாப்புடு" என்றார் கோபால்சாமி.

காஷிஃபா சோற்றை உருட்டி வாயில் போட்டாள். இடது பக்கத்துக் கடைவாயில் ஒதுக்கி, கண்ணை மூடி மெல்லுகிற அந்த மெல்லலைக் கோபால்சாமி முன்பே பார்த்திருக்கிறார். கோகுல்ராஜ் அப்படித்தான் மெல்லுவான். அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"தாத்தா, குழம்புல உப்பு கம்மி" என்றான் ஆபேல்.

கோபால்சாமிக்கும் அப்படித்தான் பட்டது. கலியாணம் ஆன நாளிலிருந்து அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

கை கழுவியதும் எல்லோரும் விலகி நின்றார்கள். இடுப்பில் தூக்கியவளே முதலில் விலகினாள். காஷிஃபா கையை உதறிக்கொண்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தானாகவே வேலிப் பக்கம் நடந்தாள்.

மழை வந்தது, சாமை விதைத்தாயிற்று, கோகிலவாணி பரீட்சை எழுதினாள். கோபால்சாமிக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்தக் கடைவாய் மெல்லல் கண்ணை விட்டு அகலவில்லை. ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, அன்றைக்குக் குழம்பு சிந்திவிட்டது, தீர்ப்புச் சோறு சரியாக முடிந்ததாகச் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வேலிப் பக்கம் போய் நின்றார். "ஆபேல வரச் சொல்லு" என்றார், யாருக்கும் சொல்லாததுபோல.

ஆபேல் வந்தான். இந்த முறை சோற்றோடு நிறையப் பேச்சு. அடுத்த வாரம் மறுபடியும் ஒரு குறை கண்டுபிடித்தார். ஆபேல் மறுபடியும் வந்தான். கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்பாடும் ஆயிற்று, பேத்திக்குப் பேத்தியும் ஆயிற்று, இப்படி ஒரு வழி கண்டுபிடித்த தன் மூளையை அவரே மெச்சிக்கொண்டார். ஊரும் கண்டுகொள்ளவில்லை. சேங்கொல்லையில் ஓர் அமெரிக்கப் பையன் சோறு தின்ன வந்து போவது யாருக்கும் உறுத்தவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் வேலியோரம் போய், "ஆபேலு" என்றார். "ஆபேலு!" என்று இன்னொரு முறை கூப்பிட்டார்.

காஷிஃபா வாசலில் உட்கார்ந்து, முட்டிமேல் இருந்த ஒரு பொருக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அவன் போய்ட்டான் தாத்தா."

"எங்க போய்ட்டான்?"

"அவன் ஊருக்கு. அவனத்தான் சேக்கச் சொல்லி தீர்ப்பு சொல்லிட்டீங்களே. அவனுக்கு இனிமே இங்க இன்னா வேல? நான்தான் இருக்கேன்."

"ஆபேலுன்னு சொல்லிக்கினு வந்துடு கண்ணு. வூட்ல சோறு ஆறுது."

"எனக்குப் பசிக்கல. அவனுக்குப் பசிச்சா அவன் வருவான்."

கோபால்சாமி எத்தனையோ வழக்கில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவர். அன்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மொறை என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அதை அந்த முட்டிப் பொருக்குக்கு முன்னால் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகவே வெட்கமாக இருந்தது. பெற்ற மகனைத் தள்ளி வைத்த அன்று வராத வெட்கம் அது, வழி தெரியாமல் இத்தனை வருஷம் எங்கோ சுற்றிவிட்டு இப்போது வந்தது.

வெள்ளிப் பூண் தடியை வேலிக் கிளையில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முள்ளை ஒதுக்கி, அந்தப் பக்கம் இறங்கினார். முள் கெண்டைக்காலைக் கிழித்தது. களத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சலீமா வாசலுக்கு வந்தவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கோபால்சாமி அவளை நேராகப் பார்த்துப் பேச இன்னும் தெம்பு வராமல், பேத்தியைப் பார்த்துச் சொன்னார்.

"காஷிஃபா. தாத்தாவுக்கும் ஒரு வாய் போடச் சொல்லும்மா, உங்கம்மாவ."

மறுநாள் காலையிலேயே சின்னராஜ் தடியை எடுத்துக்கொண்டான். அவனுடைய முதல் தீர்ப்பு கோபால்சாமியைத் தள்ளி வைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பலாமரத்தடியில் உட்கார்ந்து கோபால்சாமி அதைக் கேட்டார். சின்னராஜ் தடியைத் தட்டியதும், "அப்டி இல்லடா, பூணு தரையில படணும்" என்று கத்தினார். அதற்குள் மங்கம்மாள், குழம்புச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முள்ளை ஒதுக்கி இறங்கிக்கொண்டிருந்தாள். "இம்மாம் வருசமா உனக்காவத்தான் காத்துக்கினு இருந்தேன்" என்று புருஷனைக் கடிந்தாள். வாணியம்பாடி ஷெட்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து மலை ஏறி வந்த கோகுல்ராஜ், தன் வாசலில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று இரண்டடி பின்னால் போனான்.

கோகிலவாணி பரீட்சையில் தேறிவிட்டாள், எம்.ஏ. சேர்ந்தாள். அடுத்த பங்குனியில் அவள் இன்னொரு தடித்த நாவலோடு வந்தாள். களத்தில் எல்லோரும் கூடையோடு காத்திருந்தார்கள். புதுக் கவுண்டர் சின்னராஜ் தடியும் கையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், இந்தக் கதையில் யாருக்குத் தீர்ப்புச் சொல்ல நேருமோ என்று. அவள் புத்தகத்தைக் கொண்டுபோய் வேலிக்கல் மேல் நிறுத்தி, யார் பக்கம் என்று சொல்ல முடியாதபடி உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டன, ஒன்று சின்னது, ஒன்று தொண்டை கிழிந்தது:

"அப்புறம் இன்னா ஆச்சு?"